நான் தலையாட்டிய பலகைகள்

நம் பள்ளிக்கூட குரூப்பில் போன வாரம் ஒருத்தி கேட்டாள், பத்தாவது ரிசல்ட் வந்தபிறகு ஆடி முடியும்வரை நீ எங்கேடி தொலைந்து போனாய் என்று. நான் பதில் எழுதுவதற்குள் ஆளாளுக்கு ஒன்று எழுதிவிட்டீர்கள். மஞ்சள் காமாலை என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, எனக்குக் கல்யாணம் பேசி நின்றுபோனதாகச் சத்தியமே செய்தாள். ஐம்பத்தேழு வயதில் இதையெல்லாம் படித்துச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருஷமாக நடக்காத ஒரு கல்யாணத்தை எனக்காக நம்பிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?

சரி, இப்போதாவது கேட்டீர்களே. நான் தச்சுப் பட்டறையில் இருந்தேன். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. கடைகளுக்கு ஷோகேஸ், ஷெல்ஃப், கல்லா மேஜை எல்லாம் செய்கிற இடம். இப்போது அங்கே போய்த் தேடாதீர்கள். அங்கே ஒரு அப்பார்ட்மெண்ட் நிற்கிறது, அதன் கீழே ஒரு பல் டாக்டர் இருக்கிறார்.

என் நம்பர் பேப்பரில் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கில் போய்விட்டது. அன்றைக்கு ஆரம்பித்தது வீட்டில் இழவு. அம்மா அடுப்படியில் அழுவாள், பூஜை அறையில் அழுவாள், என்னைப் பார்த்தால் கூடுதலாக அழுவாள். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தால், பால் வாங்க வந்த பெண்மணி கூட "பரவால்ல விடும்மா" என்பாள். அந்தப் 'பரவால்ல' என்னைக் கொன்றது. நான் மொட்டை மாடிக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன். திரும்பவும் அந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னால் எங்காவது ஓடிவிடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கே ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

அப்பாவுக்கும் அது கெட்ட காலம். அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பெரியப்பாவைப் பாதிக்குக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் ஃபேன்சி ஸ்டோர் வைக்க இடம் பிடித்திருந்தார். வளையல், ரிப்பன், பொட்டு, பிறந்த நாள் சாமான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. அந்தக் கடைக்கான மரவேலை மொத்தமும் இரும்புலியூர் மேஸ்திரியிடம் போயிருந்தது.

ஒரு நாள் காலை அப்பா மொபெட்டை எடுத்துக்கொண்டு, "ஏறு" என்றார். குரோம்பேட்டை தாண்டினோம். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உனக்குக் கை வேலைதான் வருது. ஆடி முடியற வரைக்கும் மேஸ்திரிகிட்ட இரு. தேறும்னு அவர் சொல்லிட்டா அங்கேயே தொழில் கத்துக்கோ. இல்லன்னா டுடோரியல்."

காற்றில் பாதி பறந்துபோனாலும் எனக்குக் கேட்டது. கை வேலை வருகிறது என்று அவர் சொன்னதை நீங்கள் நம்புவீர்கள். வகுப்பில் பெஞ்சு ஆடினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நான்தான் பேப்பரை மடித்து, எந்தக் கால் குட்டை என்று பார்த்து, அடியில் சொருகுவேன். ஆனால் ஒரு அப்பா, அந்தக் காலத்தில், பெண் பிள்ளையைத் தச்சுப் பட்டறையில் விடுவாரா? எனக்கே ஆச்சரியம்தான். ஆச்சரியத்தைவிட சந்தோஷம் பெரிதாக இருந்ததால் யோசிக்கவில்லை. மேஸ்திரி வாயிலிருந்து 'தேறும்' என்ற ஒரே ஒரு சொல் வந்தால் போதும், கணக்குக்கு முழுக்குப் போட்டுவிடலாம். அந்த வருஷம் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பட்டறை வாசலில் என்னை நிறுத்திவிட்டு அப்பா உள்ளே போய் மேஸ்திரியிடம் பேசினார். அந்த நேரம் பார்த்து எலெக்ட்ரிக் ட்ரெயின் போயிற்று. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். பிறகு அப்பா போய்விட்டார்.

மேஸ்திரி குட்டையான மனிதர். காதில் பென்சில், தோளில் துண்டு, வாயில் வெற்றிலை. ஒரு ஸ்டூலைத் தேடி எடுத்து, துண்டால் துடைத்து, நிழலில் போட்டார். "இங்க குந்து பாப்பா" என்றார். உட்கார்ந்தேன். டீ வந்தது, பன் வந்தது. வேலையாட்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். மத்தியானம்வரை வேறு எதுவும் நடக்கவில்லை.

இரண்டாம் நாளும் அதே ஸ்டூல், அதே டீ, அதே பன். மூன்றாம் நாள் பன்னுக்குப் பதில் கோலி சோடா. தொழில் கற்றுக்கொடுப்பது இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது, முதலில் பொறுமையைப் பார்ப்பார்களோ என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். தொழில் கற்க வருகிற புதுப் பையன் முதலில் பட்டறையைப் பெருக்க வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஒரு நாள் சீக்கிரமாக வந்து விளக்குமாற்றை எடுத்துச் சீவல்களைக் கூட்ட ஆரம்பித்தேன். பாலிஷ் போடுகிற பெரியவர் பதறி ஓடிவந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பெருக்கக்கூட லாயக்கில்லை என்று முடிவாகிவிட்டதென்று நினைத்து அழுகை வந்தது. அழுதால் கெட்ட பெயர் என்று விழுங்கினேன்.

அந்தக் கொட்டகையின் வாசனை இப்போது எழுதும்போதுகூட மூக்கில் ஏறுகிறது. ஒரு மூலையில் தகர டப்பாவில் வஜ்ரம் காய்ந்துகொண்டிருக்கும். மாட்டுக் குளம்பில் செய்கிற பசை, அதன் நாற்றத்தைச் சொல்லி மாளாது. பாலிஷ் ஸ்பிரிட் கண்ணைக் கரிக்கும். பீடிப் புகை. எல்லாவற்றுக்கும் அடியில் தேக்குத் தூளின் கசப்பு வாசனை. ஆடிக் காற்று அடித்தால் தூள் மொத்தமும் கிளம்பி என் பின்னலில் வந்து தங்கும். ராத்திரி தலை வாரும்போது அம்மா பாயில் ஒரு பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவாள். மரத்தூளைத் தட்டித் தட்டிப் பெருமூச்சு விடுவாள்.

ரம்பம் போடுகிற அண்ணன் ஒருவர் இருந்தார். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் வாந்தி வருகிறது என்று மரத்துக்கு வந்துவிட்டவர். அவர்தான் என்னோடு ஏதாவது பழகியவர். பழகியது என்றால், அது ஒரு விசித்திரமான பழக்கம். எந்தப் பலகையை அறுப்பதற்கு முன்னாலும் அதைத் தூக்கிக்கொண்டு என் ஸ்டூலுக்கு எதிரே வருவார். முன்பக்கம் காட்டுவார், திருப்பிப் பின்பக்கம் காட்டுவார், நுனியைக் காட்டுவார்.

"பாத்துக்க பாப்பா. முடிச்சு கெடையாது, வெடிப்பு கெடையாது. சுத்தமா கீது."

நான் பார்ப்பேன். தலையாட்டுவேன். அவர் போய் அறுப்பார்.

ஆகா, பாடம் ஆரம்பித்துவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. முடிச்சு என்றால் என்ன, வெடிப்பு என்றால் என்ன, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவர் காட்டிய ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தேன். கணக்கு வாத்தியார் கரும்பலகையில் எழுதும்போது இப்படி ஒரு நாளாவது பார்த்திருந்தால் ஃபெயில் ஆகியிருக்கமாட்டேன். மேஸ்திரி கோடு போடும்போது கழுத்தை நீட்டிப் பார்த்தேன். உளி பிடிக்கிற விரலைப் பார்த்தேன். மரம் சீவுகிற இழைப்புளியைத் தள்ளும்போது இடது கால் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். கண் கொட்டாமல் பார்த்தால்தானே தேற முடியும்? நான் அப்படிப் பார்க்கப் பார்க்க அவர்கள் வாய் மூடிக்கொண்டது. எனக்குக் காரணம் புரியவில்லை. இன்னும் கூர்ந்து பார்த்தேன்.

ஒரு நாள் ரம்பத்து அண்ணன் ஒரு பலகையைக் கொண்டுவந்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கியது என்று சொல்லித்தான் பரீட்சையில் கோட்டை விட்டேன், இங்கேயாவது நேர்மையாக இருப்போம் என்று இல்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் சுருங்கியது. பலகையை ஓரமாகச் சாத்திவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் விளங்கவில்லை. மறுபடி இல்லை என்றேன். மேஸ்திரியே எழுந்து வந்து உள்ளேயிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என்னடா இது, பாடம் புரியவில்லை என்றால் பலகையை மாற்றுகிறார்களே என்று எனக்குத் தலை சுற்றியது. புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டேன். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்கே இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு நான் எத்தனை பயந்தேன் தெரியுமா? ஆடி ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. வேலை செய்யாதவளைப் பார்த்துத் தேறும் என்று எப்படிச் சொல்வார்?

ஆடி நடுவில் ஒரு மாட்டு வண்டியில் பழைய உத்திரங்கள் வந்து இறங்கின. பல்லாவரம் பக்கம் ஏதோ பெரிய வீட்டை இடித்திருந்தார்கள். கரி பிடித்து, ஆணி துருத்தி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. அண்ணன் ஒரு நாள் முழுக்க ஆணி பிடுங்கினார். பிறகு மேஸ்திரி இழைப்புளியை வைத்துத் தள்ளினார். கறுப்புத் தோல் சுருண்டு விழுந்தது. உள்ளே மரம் தேன் நிறத்தில் இருந்தது. கொட்டகையே மணத்தது. நான் ஸ்டூலை விட்டு எழுந்து பக்கத்தில் போய்விட்டேன். மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். முதல் நாளுக்குப் பிறகு அன்றுதான் என்னிடம் நேராகப் பேசினார்.

"பர்மா தேக்கு பாப்பா. இத்த ஒங்க கல்லா மேசைக்குப் போட்டுடலாமா?"

எங்கள் கடைக்கு! நான் கழுத்து வலிக்கத் தலையாட்டினேன்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடக் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள். அந்தப் பலகை பட்டறை மேஜையில் கிடந்தது, இழைப்புளி பக்கத்தில் கிடந்தது. கை சும்மா இருக்குமா? இடது காலை முன்னால் வைத்து, பார்த்த மாதிரியே தள்ளினேன். முதலில் வழுக்கியது. அழுத்தினேன். சட்டென்று பலகைக்குள் இறங்கிக் கடித்துக்கொண்டது. பிடுங்கி மறுபடி தள்ள, மறுபடி கடித்தது. பலகை ஓரத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிட்டு வந்த அண்ணன் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளம் விழுந்த முகம் உள்பக்கம் போகிற மாதிரி பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். எத்தனை நல்ல மனசு என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பெரியப்பா வந்திருந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், கையில் பஞ்சாங்கம் இல்லாமல் வெளியே கிளம்பாத மனுஷர். கடையில் பாதி அவருடையது என்பதால் அப்பா அவர் எதிரில் சத்தமாகத் தும்மக்கூடமாட்டார். சாப்பிடும்போது அப்பா வழக்கம்போல என்னிடம், இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். அது தினமும் கேட்பதுதான். முந்தின ராத்திரி அவர் வருவதற்குள் தூங்கிவிட்டேன். அன்றைக்குத்தான் என்னிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது. இடித்த வீட்டு உத்திரம், துருப்பிடித்த ஆணி, கறுப்புத் தோல், உள்ளே தேன் நிறம், அது நம் கல்லா மேஜையாகப் போகிறது என்று மூச்சு விடாமல் கொட்டினேன். பள்ளத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பெரியப்பா சாப்பாட்டைப் பிசைவதை நிறுத்திவிட்டார். ஒரு வீட்டில் இருந்த மரத்தைப் புது இடத்தில் சேர்க்கக்கூடாது என்பது அவருக்கு வேதம். அவருக்கு மட்டுமா, நம் வீடுகளில் எல்லாம் சொல்வதுதானே. அந்த வீட்டுக் கஷ்டம் மரத்தோடு வந்துவிடும் என்பார்கள். அவர் மெதுவாக, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"எத்தனை சாவு பாத்த உத்திரமோ. அதுல கல்லா செஞ்சு லட்சுமிய உக்கார வெக்கப் போறியா?"

அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷத்தைத்தான் சொன்னேன், அது எப்படிக் கோள் ஆனது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பாவும் பெரியப்பாவும் என்னோடு பட்டறைக்கு வந்தார்கள். கல்லா மேஜை பாதி கூடி நின்றது. பெரியப்பா வாசல் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கிருந்தே, புது மரம் என்று சொல்லிப் பழைய மரத்தைத் தலையில் கட்டுகிறாயா என்று கேட்டார். மேஸ்திரி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக எழுந்தார்.

"பழசுதான் சார். யாரு இல்லன்னது? ஒங்க வூட்டுப் பொண்ணு கண்ணு முன்னாலதான் ஆணி புடுங்கிக்கினு இருந்தோம். காவலுக்கு வெச்சிட்டுப் போனீங்க. அது தலையாட்டாம ஒரு பலகை அறுக்கல நாங்க. வேணான்னு ஆட்டுனா ஓரமா வெச்சிட்டோம். இதுக்கும் அதுதான் ஆட்டுச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்டூல், டீ, பன், பிடுங்கிக்கொண்ட விளக்குமாறு, தூக்கிக் காட்டிய பலகைகள். நான் பாடம் என்று நினைத்ததெல்லாம் சோதனை. அவர்கள் எனக்குச் சோதனை வைக்கவில்லை, நான் அவர்களைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். பள்ளம் விழுந்த பலகையைப் பார்த்து அண்ணன் பேசாமல் இருந்தது நல்ல மனசால் அல்ல, பயத்தால். கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் எத்தனைக்கு எத்தனை உற்றுப் பார்த்தேனோ, அத்தனைக்கு அத்தனை அவர்கள் என்னைப் பார்த்து நடுங்கியிருக்கிறார்கள்.

"நான் காவலுக்கு வரல," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "வேலை கத்துக்க வந்தேன்."

பாலிஷ் பெரியவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை. அதை நான் இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். பிறகு அப்பா பக்கம் திரும்பினார்.

"மெய்யாலுமா சார்? கத்துக்கவா அனுப்புனீங்க?"

அப்பா 'ஆமாம்' என்று சொல்ல வேண்டும். இரண்டே எழுத்து போதும், 'ஆமா' என்றால்கூடப் போதும். அவர் பெரியப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க தச்சு வேலை?" என்றார்.

அவ்வளவுதான். பெரியப்பா, வேலையை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வழி நெடுக அப்பா முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த முதுகில் குத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் மனசுக்குள் ஒரே குழப்பம். என்னிடம் சொன்னது பொய்யா, மேஸ்திரியிடம் சொன்னது பொய்யா? மொபெட்டில் சொன்ன வார்த்தை அத்தனை உண்மையாக இருந்ததே. டுடோரியலில் சேர்ந்தேன், அக்டோபரில் பாஸ் செய்தேன், அடுத்த வருஷம் உங்களுக்கு ஒரு வகுப்பு கீழே வந்து உட்கார்ந்தேன். பிறகு பரீட்சை எழுதி, வேலை வாங்கி, இன்றுவரை ஒரு ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் சாமானைப் பார்க்கமாட்டேன், ஷெல்ஃபின் மூலையைப் பார்ப்பேன்.

ஆவணியில் கடை திறந்தது. ஷெல்ஃபெல்லாம் பிளைவுட். கல்லா மேஜை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ரோஸ் நிற சன்மைக்கா ஒட்டிப் பளபளவென்று இருந்தது. வேறு இடத்தில் செய்தது என்றார் அப்பா. பெரியப்பா அதன் மேல் மஞ்சள் குங்குமம் வைத்தார். எனக்கு அந்த ரோஸ் நிறத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அதன் பின்னால் உட்கார்ந்து வளையல் விற்ற நாட்களில்கூட நான் அதைக் கையால் தடவியது கிடையாது.

அந்தப் பெரிய மழை வருஷம் ஞாபகம் இருக்கிறதா? கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் ஷெல்ஃபெல்லாம் ஊறி உப்பி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தன. கல்லா மேஜை மட்டும் அசையாமல் நின்றது. ஓரத்தில் சன்மைக்கா கொஞ்சம் எழும்பியிருந்தது. நான் கிட்டே போனேன், அப்பா விடவில்லை. ராசியான மேஜை என்று சொல்லி, அந்த வயதிலும் தானே பசை வாங்கிவந்து, தானே ஒட்டி, மேலே எடைக் கல்லை வைத்தார். கிழவருக்கு ஒரு மேஜை மேல் இத்தனை பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். பெரியப்பா அதற்கும் முன்பே போயாகிவிட்டது. கடை இடத்தை ஒரு செல்போன் ஷோரூமுக்கு விட்டோம். அவர்கள் அனுப்பிய பையன்கள், ஹிந்தி பேசுகிற பிள்ளைகள், மெஷினை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் கழற்றினார்கள். கல்லா மேஜையை இரண்டு பேர் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே வைத்தார்கள். ஒருவன் ஓரத்தில் கத்தியைக் கொடுத்து சன்மைக்காவை உரித்தான். பழைய பசை அல்லவா, அப்பளம் மாதிரி கழன்று வந்தது. உள்ளே தேன் நிறம்.

நான் அவனை நிறுத்தச் சொன்னேன். மேஜையைக் கவிழ்க்கச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, இழுப்பறைக்குள் கையை விட்டு உள்பக்கம் தடவினேன். படிக்கட்டு மாதிரி ஒரு பள்ளம். பள்ளத்தில் விரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. அந்தப் பிள்ளைகள் எதிரில், வெட்கமே இல்லாமல், ஓவென்று அழுதேன். பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஒருவன் டார்ச் எடுத்து வந்தான்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள், எண்பது தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லா மேஜை யார் செய்தது என்றேன்.

"அந்த மேஸ்திரிதான். ரெண்டு நாள் கழிச்சு உங்கப்பா போய் அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தார். நல்ல மரம், விட மனசில்ல. மேல சன்மைக்கா ஒட்டிடுங்க, எங்கண்ணனுக்குத் தெரிய வேணாம்னாராம்."

அப்படியென்றால் அன்று பட்டறையில் அப்பா சொன்னதும் பெரியப்பாவுக்காகத்தானா? என்னை எதற்கு அங்கே அனுப்பினார் என்று கேட்டேன்.

"எங்கிட்ட காவலுக்குன்னுதான் சொன்னார். நம்ம ஆள் ஒருத்தர் பக்கத்துல இருந்தா மரம் மாறாதுன்னார்." டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்சம் யோசித்தாள். "மன்னிப்புக் கேட்கப் போன அன்னிக்கு மேஸ்திரி சொன்னாராம், பொண்ணுக்குக் கண்ணு நல்லா இருக்கு, தேறும், அனுப்புங்கன்னு. அப்பா வந்து அனுப்பட்டுமான்னு கேட்டார். நான்தான் வேணாம்னேன். தலையெல்லாம் மரத்தூளு. யார் கட்டிப்பாங்க?"

தேறும் என்று சொல்லியிருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சொல் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மா விளம்பரம் வந்ததும் தண்ணீர் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன். அவளிடம் சண்டை போடுவதா, போட்டோவிலிருக்கிற அப்பாவிடம் போடுவதா என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன். காவலுக்கு என்று அம்மாவிடமும் மேஸ்திரியிடமும், கற்றுக்கொள் என்று என்னிடமும் சொன்ன மனுஷர், தன் மனசில் எதை நினைத்தார்? அது தெரியாது. இனி தெரியப்போவதுமில்லை.

மேஜையின் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் போய் ரம்பமும் இழைப்புளியும் வாங்கினேன். சாருக்கா மேடம் என்று கேட்டான் கடைக்காரன். எனக்குத்தான் என்றேன். அம்மாவால் இப்போது தரையில் உட்கார முடியவில்லை, சாமி கும்பிட ஒரு ஸ்டூல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் உட்கார்ந்து அறுத்தேன், இழைத்தேன், கையைக் கிழித்துக்கொண்டேன். மூன்று கால் வைத்தால் ஆடாது என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம். நான் நாலு கால் வைத்தேன். பள்ளம் விழுந்த முகத்தை இழைக்கவில்லை, அதை உள்பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாமி அறையில் ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஆடுதுடி இது," என்றாள்.

"கத்துக்கிட்டிருந்தா ஆடாது," என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. ஆடுகிற ஸ்டூலிலேயே, சாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கூடத்திலிருந்து பேப்பரைக் கொண்டுவந்து மடித்தேன். எந்தக் கால் குட்டை என்று பார்த்து, அடியில் சொருகினேன்.